சாயங்காலத்தில் ஒட்டிக்கொண்ட விரல்கள்

பட்டன் அக்காவுக்குப் பிறவியிலேயே காது கேட்காது. அதனால் அவள் அமைதியான பெண்மணி என்று யாராவது நினைத்தால், அவளைச் சாயங்காலத்தில் பார்த்ததில்லை என்று அர்த்தம். சட்டைத் தொழிற்சாலையிலிருந்து வந்து, முகம் கழுவி, டீயைக் குடித்துவிட்டு, சாப்பாட்டு மேசையில் இருக்கும் தண்ணீர் ஜாடியில் செல்போனைச் சாய்த்து வைத்தாள் என்றால், அப்புறம் அவள் கைகளைப் பிடித்து நிறுத்த ஆளில்லை. ஊரார் கதை, உறவுக்காரர் கதை, தொழிற்சாலைக் கதை எல்லாம் விரல் வழியாகக் கொட்டும். எதிர்ப்பக்கத்தில் அவளுடைய பள்ளிக்கூடத் தோழி. அவளும் லேசுப்பட்டவள் இல்லை.

பட்டன் என்பது வேலையால் வந்த பெயர் என்றுதான் தொழிற்சாலையில் எல்லாரும் நினைக்கிறார்கள். தைத்து முடிந்த சட்டைகளில் பட்டன்கள் நேராக இருக்கின்றனவா, நூல் பிரிந்து தொங்குகிறதா என்று பார்த்து அனுப்புவது அவள் வேலை. ஆனால் பெயர் முந்தி, வேலை பிந்தி. காது கேளாதவர்கள் ஒருவரையொருவர் எழுத்துக் கூட்டி அழைத்துக்கொண்டிருப்பதில்லை. ஆளைப் பார்த்ததும் எது கண்ணில் படுகிறதோ அதை ஒரு கைச்சைகையாக்கி, ஆயுளுக்கும் பெயராக வைத்துவிடுவார்கள். விடுதிப் பள்ளிக்கு வந்த முதல் நாள் இவள் கழுத்துப் பட்டன் வரைக்கும் போட்டுக்கொண்டு விறைப்பாக நின்றிருக்கிறாள். அவ்வளவுதான், தொண்டைக்குழியில் இரண்டு விரலால் கிள்ளினால் அது இவள் என்று ஆகிவிட்டது. அந்தப் பெயரை வைத்தவள் பக்கத்துக் கட்டில்காரி. பதிலுக்கு இவள் அவளுக்கு வைத்தது, ஆள்காட்டி விரலைக் கன்னத்தில் அழுத்தித் திருகும் சைகை. சிரித்தால் அவளுக்கு ஒரு கன்னத்தில் மட்டும் குழி விழும். ஆகவே கன்னக்குழி.

விடுதியிலேயே இரண்டு பேரும் ஒரு சத்தியம் செய்துகொண்டார்கள். காது கேட்கிறவர்கள் வாயை அசைத்துப் பேசும்போது பாதி புரியும், பாதி புரியாது. ஒருமுறை திரும்பக் கேட்கலாம். இன்னொரு முறை கேட்டால் முகம் சுளிப்பார்கள். ஆகவே புரிந்த மாதிரி தலையாட்டிவிட வேண்டியதுதான். கடையில், பஸ்ஸில், டாக்டரிடம், சொந்தக்காரர் வீட்டில் என்று தலையாட்டித் தலையாட்டியே பாதி ஆயுள் போய்விடும்.

“நமக்குள்ள மட்டும் தலையாட்டக் கூடாதுடி. புரியலைன்னா புரியலைன்னு சொல்லிடணும்,” என்றாள் கன்னக்குழி. கையால் சொன்னதைத்தான் இங்கே வாயால் சொன்ன மாதிரி எழுத வேண்டியிருக்கிறது. அவர்கள் விரல் போகும் போக்கைக் காகிதத்தில் பிடிக்க யாராலும் முடியாது. பட்டன் அக்காவும் சரி என்று அடித்துச் சத்தியம் செய்தாள். அதற்கப்புறம் இரண்டு பேருக்கும் கல்யாணமாகி, பிள்ளைகள் பிறந்து, முடி நரைத்தும் அந்தச் சத்தியம் மட்டும் கெட்டியாக இருந்தது.

பட்டன் அக்காவின் கணவர் பஸ் ஓட்டுநர். காது நன்றாகவே கேட்கும். கல்யாணத்துக்கு அப்புறம்தான் கைமொழி கற்றுக்கொண்டார். ஸ்டீரிங் பிடித்துப் பழகிய கை, ஒவ்வொரு சொல்லுக்கும் பெரிய வண்டி சந்துக்குள் திரும்புவது போலத் திரும்பும். “உன் வீட்டுக்காரர் கைக்கு உச்சரிப்பே வரலை,” என்று கன்னக்குழி கிண்டல் செய்வாள். கைமொழியில் நீ, நீங்கள் என்ற பேதமெல்லாம் கிடையாது, விரலை நீட்டிக் காட்டினால் முடிந்தது. ஆனால் மனைவி தன்னைப் பார்த்து விரலை நீட்டும்போதெல்லாம் ஓட்டுநர் அதை ‘நீங்க’ என்றே எடுத்துக்கொள்வார். மனிதருக்கு அதில் ஒரு நிம்மதி.

கன்னக்குழியின் மகனுக்கு வேலை மாறியபோது அவளும் அவனோடு தொலைவில் இன்னொரு நகரத்துக்குப் போய்விட்டாள். அங்கே ஒரு பேக்கரியில் கேக்கின் மேல் கிரீமால் பூப் போடும் வேலை. அவள் போட்ட ரோஜாவை முகர்ந்து பார்த்து மூக்கில் கிரீம் ஒட்டிக்கொண்டவர்கள் உண்டு. விடியும் முன்பே வேலைக்குப் போகிறவள் அவள், காலையில் தொழிற்சாலை பஸ்ஸைப் பிடிக்க ஓடுகிறவள் இவள். இரண்டு பேருக்கும் பொதுவாக மிஞ்சியது அந்தச் சாயங்காலம் ஒன்றுதான்.

அதற்கும் ஒரு கட்டுப்பாடு இருந்தது. வீட்டு இணையத்தில் மாதத்துக்கு இவ்வளவு டேட்டா என்று வரம்பு. காது கேட்கிறவர்கள் மாதம் முழுக்கத் தொண்டை வறளப் பேசினாலும் தீராத டேட்டாவை இவர்கள் சீக்கிரமே பேசித் தீர்த்துவிடுவார்கள். மாதம் பிறந்தால் அரட்டை தாராளம். கடைசியில் வரம்பு முட்டி, இணையம் நத்தையாகிவிடும். சம்பளக்காரர் வீட்டுக் கதைதான். போதாக்குறைக்கு ஓட்டுநருக்கு ராத்திரிச் சாப்பாட்டோடு ஒரு படம் பார்த்தாக வேண்டும்.

அப்போதுதான் இணையக் கம்பெனி ஒரு புதுத் திட்டம் கொண்டுவந்தது. குறிப்பிட்ட ஒரு சினிமா சேவையில் எத்தனை படம் பார்த்தாலும் மாத வரம்பில் சேராது, படமும் துளி திக்காமல் ஓடும். ஓட்டுநர் முதல் ஆளாகப் போய்ச் சேர்ந்தார். தன் சினிமாவுக்காக இல்லை, அதைச் சொல்லியே ஆக வேண்டும்.

“இனிமே என் படம் உன் டேட்டாவைத் தின்னாது. மாசம் பூரா உன் இஷ்டத்துக்குப் பேசு,” என்றார் பெருமையாக.

பட்டன் அக்காவுக்குத் தலைகால் புரியவில்லை. அன்றைக்கே கன்னக்குழியிடம் சொல்ல, அவள் வீட்டிலும் அதே கம்பெனி என்பதால் அவள் மகனும் அதே திட்டத்தில் சேர்ந்தான்.

கொஞ்ச நாளில் ஒரு சாயங்காலம் கன்னக்குழியின் விரல்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டன. ஐந்து விரல் விரிய வேண்டிய இடத்தில் கையுறை போல ஏதோ ஆடியது. கை நெற்றியிலிருந்து கிளம்பியது தெரிந்தது, மார்பில் வந்து நின்றது தெரிந்தது. நடுவில் அது என்ன சொன்னது என்று தெரியவில்லை. மறுநாளும் அப்படியே. அடுத்த வாரமும் அப்படியே.

இணையம் கெட்டால் எப்படி இருக்கும் என்று பட்டன் அக்காவுக்குத் தெரியாதா? மாதக் கடைசியில் எத்தனை தடவை பார்த்திருக்கிறாள்! படம் முழுக்க உறைந்துபோகும், இல்லாவிட்டால் நடுவில் ஒரு வட்டம் சுற்றிக்கொண்டே இருக்கும். இது அப்படி இல்லை. தோழிக்குப் பின்னால் இருந்த சுவர் பளிச்சென்று தெரிந்தது. ஜன்னல் திரையில் போட்டிருந்த கோடுகள் தெரிந்தன. அலமாரியின் கைப்பிடிகூடத் தெரிந்தது. கலங்கியது கைகள் மட்டும்தான்.

ஓட்டுநர் எதற்கும் இருக்கட்டும் என்று கம்பெனியின் சேவை எண்ணுக்குப் போன் செய்தார்.

“வீடியோ கால்ல அந்தப் பக்கத்துச் சத்தம் தெளிவா கேக்குதா சார்?” என்று கேட்டார் அங்கே இருந்தவர்.

ஓட்டுநர் பொய் சொல்லத் தெரியாத மனிதர். கன்னக்குழி வீட்டில் பாத்திரம் கழுவுகிற சத்தம் முதல் அவள் மகன் தும்மியது வரை அவர் காதில் விழுந்திருந்தது. “நல்லாவே கேக்குது,” என்றார்.

“படம் எல்லாம் எப்படி ஓடுது?”

“ஜம்முனு ஓடுது.”

“அப்ப லைன்ல ஒரு கோளாறும் இல்ல சார். வேற ஏதாவது உதவி வேணுமா?”

வேறு என்ன உதவியைக் கேட்பது! ஓட்டுநர் போனை வைத்துவிட்டு மனைவியிடம் விஷயத்தைச் சொன்னார். லைனில் கோளாறு இல்லை என்றால் கோளாறு கையில்தான். கன்னக்குழியின் அப்பாவுக்குக் கடைசிக் காலத்தில் கை நடுக்கம் வந்ததும், டம்ளரை இரண்டு கையாலும் பிடித்துக் குடித்ததும் அவளுக்கு நினைவுக்கு வந்தன. பூப் போடுகிற கை நடுங்கினால் வேலை என்னாகும்? வேலையை விடு, அவளுக்குப் பேச்சே கைதானே? அன்றைக்குப் பட்டன் அக்கா சரியாகச் சாப்பிடவில்லை.

அவளுடைய பயத்துக்குத் தோதாகக் கன்னக்குழியும் மெதுவாகப் பேச ஆரம்பித்தாள். ஒவ்வொரு சைகையையும் பெரிதாக, இழுத்து, சின்னக் குழந்தைக்குச் சொல்லிக்கொடுப்பது போலச் செய்தாள். பாவம், வேகமாக அசைக்க முடியவில்லை போலிருக்கிறது என்று இவள் நினைத்துக்கொண்டாள். அவளுக்குக் கூச்சமாக இருக்கக் கூடாதே என்று இவளும் மெதுவாக, பெரிதாகப் பேசினாள். ஊரிலேயே பெரிய வம்புக்காரிகள் இரண்டு பேர், ‘சாப்பிட்டியா’, ‘தூங்கினியா’, ‘மழையா’ என்ற அளவுக்கு வந்துவிட்டார்கள். பேச்சு சீக்கிரமே முடிந்தது. ஓட்டுநர் படத்தில் கதாநாயகன் முதல் சண்டைக்குப் போகும் முன்பே இவள் போனைக் கவிழ்த்து வைத்துவிட்டு எழுந்துவிடுவாள். அவன் சட்டையில் இருந்த ஒவ்வொரு பட்டனும் துல்லியமாகத் தெரியும், அதைப் பார்க்க இவளுக்கு எரிச்சலாக வரும்.

இதையெல்லாம்விடப் பெரிய தப்பு ஒன்றும் நடந்தது. கன்னக்குழி ஏதோ நீளமாகச் சொல்லிக்கொண்டிருந்தாள். பட்டன் அக்காவுக்கு ஒன்றுமே பிடிபடவில்லை. திரும்பக் கேட்கலாம்தான். ஆனால் அந்த நோயாளிக் கையைத் திரும்பவும் அசைக்கச் சொல்வதா? மனசு கேட்கவில்லை. தலையாட்டிவிட்டாள். முகத்தைக் கனிவாக வைத்துக்கொண்டு, “எல்லாம் சரியாயிடும், கவலைப்படாதே,” என்றும் சொல்லிவைத்தாள். போனை மூடியதும் தன்மேலேயே அவளுக்கு வெறுப்பாக இருந்தது. காது கேட்கிறவர்களிடம் செய்கிற வேலையை அவளிடமே செய்துவிட்டோமே என்று ஓட்டுநரிடம் சொல்லி அழுதாள்.

“அழுது என்ன பண்றது? நேர்ல போய்ப் பாத்துட்டு வா,” என்றார் அவர்.

தொழிற்சாலையில் லீவு சொன்னாள். அங்கே இருக்கும் நர்ஸம்மா, கைக்குப் பயிற்சி கொடுக்க மெத்தென்ற ரப்பர் பந்து நல்லது என்றார். அதையும் வாங்கிப் பைக்குள் வைத்துக்கொண்டாள். ஓட்டுநர் தனக்குத் தெரிந்தவர் ஓட்டும் பஸ்ஸில் ஜன்னலோர இடம் பிடித்துக் கொடுத்தார். வழியெல்லாம் பட்டன் அக்கா, எப்படி ஆரம்பிப்பது, அவள் மனசு நோகாமல் எப்படி டாக்டரிடம் கூட்டிப்போவது என்று யோசித்துக்கொண்டே போனாள்.

பஸ் நிலையத்துக்குள் நுழையும்போதே கன்னக்குழி கண்ணில் பட்டுவிட்டாள். இரண்டு நடைமேடை தள்ளி, கூட்டத்துக்கு மேல் கையை உயர்த்தி நின்றாள். ஜன்னலில் இவள் முகத்தைப் பார்த்ததுதான் தாமதம், கைகள் பறந்தன.

“பாத்து இறங்குடி. படி உயரமா இருக்கும், கம்பியைக் கெட்டியா புடிச்சுக்கோ. பையை யார்கிட்டயாவது குடு. அவசரப்படாதே, நான் வரேன், நான் வரேன்.”

ஒவ்வொரு விரலும் தனித்தனியாகத் தெரிந்தது. நடுக்கம் என்ன, ஒரு சின்னத் தடுமாற்றம்கூட இல்லை. பட்டன் அக்கா படியிலேயே நின்றுவிட்டாள். பின்னால் இறங்க வந்தவர் என்ன திட்டினாரோ, நல்லவேளை அவளுக்குக் கேட்கவில்லை.

“உன் கைக்கு என்னாச்சு?” என்றாள் அங்கிருந்தே.

கன்னக்குழி இவள் கைகளையே வெறித்துப் பார்த்தாள். “என் கைக்கா? உன் கைக்குத்தானேடி ஏதோ ஆயிடுச்சு!”

ஓடி வந்து ஒருத்தி கையை ஒருத்தி பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்கள். பட்டன் அக்கா பையைத் திறந்து ரப்பர் பந்தை எடுத்தாள். கன்னக்குழி தன் பையைத் திறந்து, கைக்குத் தேய்க்கும் மருந்து ஒரு ஜாடி எடுத்தாள். போதாததற்கு நரம்பு டாக்டரிடம் இவளுக்காக நேரமும் வாங்கி வைத்திருந்தாளாம். அப்புறம் வந்தது பாருங்கள் சிரிப்பு. பஸ் நிலையமே திரும்பிப் பார்த்தது. காது கேளாதவர்கள் சிரித்தால் சத்தம் கொஞ்சம் ஜாஸ்தியாகத்தான் இருக்கும்.

வீட்டுக்கு வந்து உட்கார்ந்ததும் சிரிப்பு அடங்கியது.

“அன்னிக்கு நீளமா ஒண்ணு சொன்னேனே, என்ன சொன்னேன்?” என்று கேட்டாள் கன்னக்குழி.

பட்டன் அக்கா கைகளை மடியில் வைத்துக்கொண்டாள்.

“கேக் பிரிவு முழுசையும் முதலாளி என் பொறுப்புல விட்டுட்டாருன்னு சொன்னேன். நீ என்னமோ சாவு வீட்டுல உக்காந்த மாதிரி முகத்தை வெச்சுக்கிட்டு, எல்லாம் சரியாயிடும்னு சொல்றே! எனக்குப் புடிக்காமப் போச்சு.”

“நீ மட்டும் என்ன? மேஸ்திரி தலைக்குச் சாயம் பூசி, வேர்வையில அது சட்டைக் காலருக்கு இறங்கின கதையைச் சொன்னேன். நீ கண்ணைத் துடைச்சுக்கிட்டு, தைரியமா இருன்னு சொன்னே.”

“உன் கை அப்படி இருந்ததுடி. எனக்கு அழுகை வந்துடுச்சு.”

“புரியலைன்னு சொல்லியிருக்கலாமே.”

“நீ சொன்னியா?”

இரண்டு பேருக்கும் அதுதான் உறைத்தது. கை நன்றாக இருக்கிறது என்ற சந்தோஷத்துக்குள்ளே அது முள்ளாகக் குத்தியது. இரக்கப்படுகிறோம் என்று நினைத்துக்கொண்டு, ஒருத்திக்கு ஒருத்தி அந்நியராகிவிட்டார்கள். பிறகு கன்னக்குழிதான் எழுந்து போய்த் தேநீர் போட்டாள்.

சாயங்காலம் ஒரு சோதனை செய்தார்கள். ஒருத்தி சமையலறையில், ஒருத்தி படுக்கையறையில் உட்கார்ந்து போனில் பேசிப் பார்த்தார்கள். விரல்கள் ஒட்டிக்கொண்டன. கதவைத் திறந்து எட்டிப் பார்த்தால் கை நன்றாக ஆடுகிறது, போனைப் பார்த்தால் களிமண். மறுநாள் காலையில் அதே இடங்களில் உட்கார்ந்து பேசினார்கள். நகக்கண் வரைக்கும் தெரிந்தது. ஆகக் குற்றவாளி கை இல்லை, சாயங்காலம்.

ஊர் திரும்பியதும் பட்டன் அக்கா கணவரைக் கூட்டிக்கொண்டு நேராக இணையக் கம்பெனி அலுவலகத்துக்குப் போனாள். கண்ணாடிக் கதவு, வரிசையாக நாற்காலிகள், கவுண்டருக்குப் பின்னால் தலையில் ஹெட்போன் மாட்டிய ஒரு பெண். நல்ல பெண்தான். பொறுமையாகவே எடுத்துச் சொன்னாள்.

“சாயங்காலம் ஊர்ல எல்லாரும் ஒரே நேரத்துல படம் பாக்குறாங்க சார். நெரிசல் ஆகும். அதனால எது முதல்ல போகணும்னு ஒரு வரிசை வெச்சிருக்கோம். குரல் எப்பவும் முதல்ல. அடுத்தது நம்ம திட்டத்துல இருக்கிற சினிமா. மத்த வீடியோ எல்லாம் அதுக்கப்புறம்.”

ஓட்டுநருக்குச் சாலைக் கணக்காகச் சொன்னால்தான் எதுவும் புரியும். “அதாவது குரல் ஆம்புலன்ஸ். சினிமா மந்திரி கார். இவ வீடியோ டவுன் பஸ். அப்படித்தானேம்மா?”

“கிட்டத்தட்ட அப்படித்தான் சார்.”

“டவுன் பஸ்ஸை ஓரங்கட்டச் சொல்றது எனக்கொண்ணும் புதுசு இல்ல,” என்றார் அவர் கசப்பாக. “சரி, சுவரெல்லாம் நல்லா தெரியுதே? கை மட்டும் ஏன் கலங்குது?”

“வழி குறைஞ்சா, அசையாம இருக்கிறதை அப்படியே வெச்சுட்டு, அசையறதைத்தான் குறைச்சு அனுப்பும் சார். பேசுறவங்களுக்கு அது தெரியாது. குரல்தான் ஒழுங்கா போயிடுதே.”

“எங்க வீட்டுல அசையறதுதாம்மா பேச்சு.”

இதை அவர் மனைவிக்குக் கையால் சொல்லி முடிப்பதற்குள் வேர்த்துவிட்டது. வரிசை என்ற இடத்தில் இரண்டு தடவை தடுமாறினார். பட்டன் அக்கா கவனமாகப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு கவுண்டர் பெண்ணின் பக்கம் திரும்பி, அவசரப்படாமல் பேசினாள்.

“அவ என்ன சொல்றான்னா...” என்று ஆரம்பித்தார் ஓட்டுநர். நிறுத்தினார். அந்த ‘அவ என்ன சொல்றான்னா’ இடைஞ்சலாக இருப்பது போல அவருக்குப் பட்டது. அதை விட்டுவிட்டு, அவளாகவே பேசினார். “குரலுக்கு முதல் வழி விடறீங்கன்னு சொன்னீங்க. ரொம்ப சரி. என் குரல் இந்தக் கையிலதான் இருக்கு. அதையும் அந்த வரிசையிலேயே விடுங்க. சினிமாவை முந்தணும்னு எனக்கு ஆசை இல்ல, என் வீட்டுக்காரரே சினிமாப் பைத்தியம். என் சிநேகிதி என்ன சொல்றான்னு எனக்குப் புரியணும். அவ்வளவுதான்.”

கவுண்டர் பெண் ஹெட்போனைக் கழற்றி மேசையில் வைத்தாள். “இது எனக்குத் தோணவே இல்ல மேடம்,” என்றவள், உள்ளே போய்ப் பொறியாளரைக் கூட்டிவந்தாள். அவரும் கேட்டார். ஒரே ஒரு வீட்டுக்காக வரிசையை மாற்ற மேலிடம் சம்மதிக்காது, வேறு வீடுகளிலும் இந்தப் பிரச்சினை இருந்தால் எடுத்துச் சொல்லலாம் என்றார்.

ஞாயிற்றுக்கிழமைதோறும் காது கேளாதோர் சங்கத்தில் எல்லாரும் கூடுவது வழக்கம். பட்டன் அக்கா விஷயத்தை அங்கே போட்டு உடைத்தாள். அடேயப்பா, ஆளாளுக்கு ஒரு கதை! ஒருவர் கண்ணில் கோளாறு என்று கண்ணாடியை மாற்றியிருந்தார். ஒரு தம்பதி, வெளிச்சம் போதவில்லை என்று கூடம் முழுக்க விளக்கு மாட்டியிருந்தார்கள். ஒருத்தி, வெளியூரில் வேலை பார்க்கும் மகன் குடித்துவிட்டுக் கை குழறப் பேசுகிறான் என்று அவனோடு பேச்சையே நிறுத்தியிருந்தாள். குடி என்றால் என்னவென்றே தெரியாத பிள்ளை அது. அன்றைக்கே அவனுக்குத் தகவல் போயிற்று.

அடுத்த நாள் சாயங்காலம் எல்லாரும் அலுவலகத்துக்கே போனார்கள். கூச்சல் இல்லை, கோஷம் இல்லை. ஏசி சத்தத்தைத் தவிர ஒன்றும் கேட்கவில்லை என்று ஓட்டுநர் இன்றைக்கும் சொல்லிச் சிரிப்பார். ஆனால் அந்த இடத்தில் நடந்த பேச்சு, சந்தையில்கூட நடந்திருக்காது. பொறியாளர் ஒவ்வொருவர் போனையும் வாங்கிப் பார்த்தார். பார்க்கப் பார்க்க அவர் முகம் மாறியது. “நான் எழுதறேன். விடாம எழுதறேன்,” என்றார்.

எழுதினார். பதில் வரச் சில வாரங்கள் ஆயின. அதுவரை ஓட்டுநர் என்ன செய்தார் தெரியுமா? சாயங்காலம் படம் பார்ப்பதை நிறுத்திவிட்டார். ஊரே பார்க்கும்போது இவர் ஒருவர் நிறுத்தி என்ன ஆகப்போகிறது? ஒரு விரல்கூடத் தெளியவில்லை. ஆனாலும் மனிதர் டிவியை அணைத்துவிட்டு, கையைக் கட்டிக்கொண்டு, மனைவிக்குப் பக்கத்தில் உம்மென்று உட்கார்ந்திருப்பார். பட்டன் அக்காவுக்கு அதைப் பார்த்துப் பாதி சிரிப்பு, பாதி பாசம். “போய்ப் படத்தைப் போடுங்க. உங்க மூஞ்சியைப் பாக்கச் சகிக்கலை,” என்று விரட்டுவாள்.

கம்பெனி வரிசையை மாற்றிய அன்றைக்கும், விஷயம் தெரியாமல் தண்ணீர் ஜாடியில் போனைச் சாய்த்துவிட்டு, பெரிதாக எதையும் எதிர்பார்க்காமல்தான் உட்கார்ந்தாள். மணி அடிப்பதற்குப் பதில் மினுக்கும் விளக்கு மினுக்கியது. கன்னக்குழி வந்தாள். கையைத் தூக்கினாள். ஐந்து விரல்கள். சுண்டுவிரல் ஓரத்தில் துடைக்காமல் விட்ட வெள்ளைக் கிரீம்கூடத் தெரிந்தது.

பட்டன் அக்கா மேசையைத் தட்டிக் கணவரைக் கூப்பிட்டாள். அவர் எட்டிப் பார்த்தார். கடகடவென்று ஆடிய கைகளைப் பார்த்துவிட்டு, “எனக்கு ஒண்ணும் புரியலை, ஆனா நல்லா தெரியுது,” என்றார். அப்புறம் எழுந்து போய் நிம்மதியாகத் தன் படத்தைப் போட்டார். அதுவும் திக்காமல்தான் ஓடியது.

கன்னக்குழிக்குச் சேர்த்துவைத்த கதை மலைபோல இருந்தது. முதலாளி, முதலாளியின் மருமகள், கல்யாணக் கேக், கேக்கில் பெயர் மாறிப்போனது என்று அணை திறந்த வேகத்தில் கொட்டினாள். நடுவில் மருமகளா கேக்கா எது கீழே விழுந்தது என்று பட்டன் அக்காவுக்குப் பிடிபடவில்லை. லைன் சரியாகத்தான் இருந்தது, அவள் போன வேகம் அப்படி. பழக்கதோஷம், தலை ஆடப் பார்த்தது.

அதைப் பாதியில் நிறுத்திக்கொண்டு, பட்டன் அக்கா கையைத் தூக்கினாள்.

“புரியலை. திரும்பச் சொல்லு.”

கன்னக்குழியின் கைகள் அந்தரத்தில் அப்படியே நின்றன. பிறகு அவளுடைய அந்த ஒரு கன்னத்தில் குழி விழுந்தது.

“நீ இப்படிச் சொல்லி எவ்வளவு நாளாச்சுடி!” என்றவள், நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு முதலிலிருந்து ஆரம்பித்தாள்.